இடது கையில் எடுத்த ரத்தம்

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு, எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தின் வராந்தாவில் உட்கார்ந்து, ஊதா மூடி போட்ட ஒரு சிறு குழாயின் மேல் என் அக்காள் கணவரின் பெயரை எழுதி ஒட்டினேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்தக் குழாயில் நிரம்பியது அவருடைய தம்பியின் ரத்தம். நேரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. பெயருக்குக் கீழே நேரத்தையும் குறிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், குறித்தது நான்தான்.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஆறு கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் ஊர். நான் வேலூரில் விடுதியில் தங்கித் தமிழ் இலக்கியம் முதுகலை படிக்கிறேன். அந்த வாரம் காய்ச்சலோடு வீட்டுக்கு வந்திருந்தேன். அக்காவை எங்கள் அத்தையின் மூத்த மகனுக்குக் கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அத்தை வீடு எங்கள் தெருவின் மறுகோடியில். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், குடகில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலையாக இருந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். அக்காவுக்கு அப்போது நான்காவது மாதம்.

ஜூலையில் செவிலியர் அக்காவின் ரத்தத்தை எடுத்து வேலூருக்கு அனுப்பியிருந்தார். அதில் இரண்டு வகை ஹீமோகுளோபின் இருப்பதாகத் தாள் வந்தது. ஒன்று எல்லோருக்கும் இருப்பது. மற்றது சிவப்பணுக்களை அரிவாள் போல வளைத்துவிடக்கூடியது. செவிலியர் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று விளக்கியது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"உனக்கு ஒண்ணும் ஆகாது. பாதிதான் உங்கிட்ட கீது, நீ நல்லாத்தான் இருப்ப. ஆனா உன் வூட்டுக்காரருக்கும் இதே மாதிரி பாதி இருந்துச்சுன்னா, கொழந்த ரெண்டு பக்கத்துல இருந்தும் அதையே வாங்கிக்கலாம். நாலுல ஒரு பங்கு அப்பிடி ஆகும். அப்பிடி ஆனா, காய்ச்சல், எலும்புவலி, ரத்தம் ஏத்தறதுன்னு காலம் பூரா ஆஸ்பத்திரிதான். அதனால அவரு ரத்தம் வேணும். அஞ்சு மாசம் முடியறதுக்குள்ள வேணும். ரெண்டு பேருக்கும் இருந்தா வயித்துல இருக்கற கொழந்தைக்கே வேலூர்ல டெஸ்ட் பண்ணுவாங்க. வேணுமா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணலாம். அப்புறம் கேட்டா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அன்று முதல் அவள் சாப்பிடுவது குறைந்துபோனது.

மாமாவை அத்தை தொலைபேசியில் கூப்பிட்டார். எனக்கு இன்னா வியாதி, நான் ஏன் வரணும் என்று கேட்டு அவர் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை. இதற்கிடையில் ஊர் முழுவதற்குமாக ஆகஸ்ட் பன்னிரண்டில் முகாம் வைத்தார்கள்.

முகாமின் ஏற்பாடு எளிமையானது. வாசலில் ஒருவர் உட்கார்ந்து, வருகிறவரின் பெயர், தந்தை பெயர், நேரம் ஆகியவற்றை ஒரு சிறிய ஒட்டுத்தாளில் எழுதிக் குழாயில் ஒட்டிக் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் அந்தக் குழாயோடு உள்ளறைக்குப் போவார். அங்கே வேலூரிலிருந்து ஜீப்பில் வந்திருந்த ஒருவர் ரத்தம் எடுப்பார். செவிலியர் கர்ப்பிணிகளைப் பார்ப்பதற்காக வேறு அறையில் இருந்தார். எழுத வேண்டிய பெண் வரவில்லை. என் கையெழுத்தைச் செவிலியர் அறிவார். காலையிலேயே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்.

மாமாவின் தம்பி பத்து மணி வாக்கில் வந்து தன் பெயருக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். செவிலியர் எட்டிப் பார்த்து, "பெரிய புள்ள எங்கம்மா?" என்று அத்தையிடம் கேட்டார். மத்தியான பஸ்ஸில் வருவதாக அத்தை சொன்னார். பேருந்து வந்து போன பிறகு மாமாவின் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு தம்பி மறுபடி வந்து நின்றார். அத்தையும் அக்காவும் கூட வந்தார்கள். வராந்தாவில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள்.

"இன்னாடா, காலைல வந்தவன் மூஞ்சி மாதிரியே கீது?" என்றாள் அவர்களில் ஒருத்தி.

"அவன் வேற, நான் வேற. சட்டையப் பாரு."

"சட்ட வேறதான். உள்ள இருக்கறது?"

"உள்ள இருக்கறத ஊசி போடறவரு பாத்துக்குவாரு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "அத்தை, மாமா பேருக்கு இவரு எப்படி..."

"இன்னாடி எப்படி? ஒரே வவுத்துல பொறந்ததுங்க ரெண்டும். ஒரே அப்பன், ஒரே ஆத்தா. அப்புறம் ரத்தம் மட்டும் வேறயா இருக்குமா? இதுக்கோசரம் அவன் குடகுல இருந்து வருவானா? பேரு காலியா இருந்தா அந்த நர்சம்மா தெனம் வூட்டு வாசல்ல வந்து நிக்கும். எழுது." அத்தை சற்று நிறுத்தி, குரலை உயர்த்தினார். "இல்ல, உன்னக் கட்டிக்கப் போறவன் ஒரே நாள்ல ரெண்டு வாட்டி ரத்தம் குடுக்கறானேன்னு மனசு தாங்கலியா?"

வராந்தா முழுவதும் சிரித்தது. முறைப்படி அந்தத் தம்பிக்கும் எனக்கும் திருமணம் நடக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் முடிவு செய்யாமல், யாரும் மறுக்காமல் கிடந்த பேச்சு. அவரும் சிரித்தார். "படிச்ச புள்ள, அதான் யோசிக்கறா. நான் வேணா தரையில உக்காந்துக்கறேன், மெதுவா எழுதச் சொல்லுங்க," என்றார்.

என் முகம் சூடாகிவிட்டது எனக்குத் தெரிந்தது. அவர்கள் அதைப் பார்த்துவிடக் கூடாது என்பது தவிர அந்த நிமிடத்தில் எனக்கு வேறெந்த நினைப்பும் இல்லை. அக்காவைப் பார்த்தேன். அவளும் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டேன். குனிந்து எழுதினேன். பெயர், தந்தை பெயர், நேரம். எழுத்தில் நடுக்கம் இல்லை.

உள்ளே ரத்தம் எடுத்தவர் முகங்களைப் பார்ப்பவர் அல்லர். காலையிலிருந்து அவர் பார்த்தது நூற்றுக்கு மேற்பட்ட முழங்கை மடிப்புகளை. வலது கையில் ஊசி பட்ட இடம் தெரியும் என்று தம்பி இடது கையை நீட்டியதாக அத்தை பிறகு பெருமையாகச் சொன்னார்.

அண்ணன் தம்பி ரத்தம் ஒன்றுதான் என்பதை அத்தை ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். அக்காவும் அதையே நம்பினாள். பங்கு பிரிப்பதிலும், கொள்ளி வைப்பதிலும், தாலி கட்டும் இடத்தில் நிற்பதிலும் அண்ணன் இல்லாத இடத்தில் தம்பி நிற்பது எங்கள் வீடுகளில் கேள்விக்குரிய செய்தி அன்று. ரத்தம் மட்டும் அதற்கு விலக்கு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்குப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

*

காய்ச்சல் விட்டு நான் வேலூருக்குத் திரும்பிய பின், அதே மாதம் இருபத்து நான்காம் தேதி சனிக்கிழமை காலை செவிலியர் அழைத்தார். ஊர்க்காரர்களின் முடிவுகள் தயாராக இருக்கின்றன, யாரும் வர முடியாது, நீ வாங்கி அனுப்பிவிடு என்றார். பரிசோதனைக் கூடம் என் கல்லூரியிலிருந்து பேருந்தில் இருபது நிமிடம்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் ஐம்பது வயதுள்ள ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். தாள்களை அடுக்கி முடிக்கச் சற்று நேரமாகும் என்றார். அவருக்குப் பின்னால் மேசையில் ஒரு சிறிய தட்டில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். நான் வழக்கமாக யாரிடமும் எதையும் கேட்பவளல்லள். கேட்டதில் அவருக்கு மகிழ்ச்சி இருந்தது தெரிந்தது.

முதலில் ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிகிற மஞ்சள் நீரை எடுத்துவிடுகிறார்கள். அடியில் தங்கும் சிவப்பணுக்களை உப்பு நீரில் மும்முறை கழுவுகிறார்கள். பிறகு வெறும் நீரை ஊற்றுகிறார்கள்; அணுக்கள் நீரைக் குடித்து உப்பி வெடித்து, உள்ளே இருந்த ஹீமோகுளோபின் வெளியே வருகிறது. அந்தச் சிவந்த தெளிவில் ஒரு துளியினும் சிறிய அளவை எடுத்து, கெட்டியான பாகு போல உறைந்திருக்கும் ஜெல் பலகையின் ஒரு ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய பிளவில் வைக்கிறார்கள். பலகையின் இரு முனைகளும் ஒரு திரவத்தில் தோய்ந்திருக்கும். மின்சாரம் பாய்ச்சினால் ஹீமோகுளோபின் நேர்முனையை நோக்கி நகரத் தொடங்கும்.

"எல்லாம் ஒரே எடத்துல இருந்துதான் கெளம்புது," என்றார். "ஆனா சுமக்கற மின்னூட்டம் வேற வேற. சாதாரணமா இருக்கறது வேகமா ஓடிடும், அதோ, அந்தக் கோடி வரைக்கும். அரிவாள் வகையில ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும். மாறினதுல கொஞ்சம் மின்னூட்டம் போயிடும். அதனால பின்தங்கிடும். அரை மணி நேரத்துல பாத்தா ரெண்டும் தனித்தனிக் கோடா நிக்கும். பாதி பாதி இருக்கறவங்களுக்கு ரெண்டு கோடு. இல்லாதவங்களுக்கு ஒரு கோடு."

அக்காவின் முடிவை அவர் ஜூலையில் பார்த்ததை நான் சொல்லவில்லை.

இதே பணியை வேறு வழியில் செய்கிற ஓர் இயந்திரமும் இருந்தது. அதில் ரத்தத் தெளிவை, நுண்மணிகள் அடைத்த ஒரு குறுங்குழாய் வழியே அழுத்தித் தள்ளுகிறார்கள். மணிகளில் சிலவகை மூலக்கூறுகள் அதிக நேரம் ஒட்டிக்கொண்டிருந்து தாமதமாக வெளிவரும். சில உடனே வந்துவிடும். வெளிவரும் நேரத்தைக் கொண்டு வகையையும், வரும் அளவைக் கொண்டு பங்கையும் இயந்திரம் அச்சிட்டுக் கொடுக்கும். ஜெல்லில் கண்டதை அவர் இந்த எண்களால் உறுதி செய்வார்.

அப்போது இரண்டு தாள்களை உருவி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதப் பாரும்மா, ஒன்ன ஒண்ணு கேக்கணும். உங்க ஊரு தான. ஒரே அப்பா பேரு. ரெண்டு பேருக்கும் ரத்த அளவு, செவப்பணுவோட பருமன், இந்த இயந்திரம் குடுத்த பங்கு, எல்லாம் அப்பிடியே ஒண்ணா இருக்குது. புள்ளிக்குப் பின்னால வர்ற நம்பரு வரைக்கும். அண்ணன் தம்பிக்குக் கிட்டத்துல வரும், இவ்ளோ ஒட்டி வராது. இரட்டையா இவங்க?"

எனக்கு முன்னால் அப்போது இருந்தவை இரண்டே சொற்கள். இல்லை என்றால், அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் செவிலியரை அழைப்பார். செவிலியர் அத்தை வீட்டுக்குப் போவார். வராந்தாவில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சாட்சி. அக்கா அந்த வீட்டில்தான் சமைத்து, உண்டு, உறங்க வேண்டும். இவ்வளவையும் நான் யோசித்தேன் என்று இப்போது எழுதுவது பொய். அவர் கேட்டார், என்னைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார், ஒருவர் என்னையே பார்த்துக் காத்திருப்பதை என்னால் தாங்க முடியாது.

"ஆமாங்க," என்றேன்.

"அதான பாத்தேன். ஒரு நிமிஷம் ஒருத்தரே ரெண்டு தரம் குடுத்துட்டாரோன்னு நெனச்சிட்டேன்." சிரித்துக்கொண்டே இரண்டு தாளிலும் கையெழுத்திட்டார்.

*

மாமாவுக்கு ஒரே கோடு, பயப்பட ஒன்றுமில்லை என்று செவிலியர் அக்காவிடம் சொன்ன நாளில் அக்கா எனக்கு அழைத்தாள். நெடுநேரம் பேசினாள். "தெனம் பயந்துக்கினே இருந்தேன்டி. யாராண்டயும் சொல்லல. ராத்திரில கண்ண மூடினா அந்த நர்சம்மா சொன்ன எலும்புவலிதான் காதுல கேக்கும். இன்னிக்குத்தான் ரெண்டு வேள ஒழுங்கா சாப்ட்டேன்." குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம், நீதான் படித்தவள், யோசித்து வை என்றாள்.

கல்லூரி நூலகத்தில் உயிரியல் பகுதிக்குப் போனேன். தெரிந்ததைத்தான் மறுபடி படித்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. எது வரும் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே நிகழ்வது. தம்பியின் ஒற்றைக் கோடு அண்ணனைப் பற்றி எதையும் சொல்லாது. அதிலும், அக்காவும் மாமாவும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். அக்காவுக்கு வந்தது அப்பா வழியில் வந்திருந்தால், அத்தையிடமும் அது இருக்க வாய்ப்புண்டு. அத்தையிடம் இருந்தால் மாமாவுக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் நோட்டில் அம்புக்குறிகள் போட்டு ஒரு வம்சப் படம் வரைந்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

மாமாவை அழைத்தேன். மூன்றாம் முறை எடுத்தார்.

"மாமா, நீங்க ஒரு தரம் ரத்தம் குடுத்துட்டா நல்லது."

"அதான் குடுத்துட்டேனே. நல்லாத்தான் கீதுன்னு வந்துச்சாமே." சிரித்தார். "எனக்கே தெரியாம என் ரத்தம் வேலூரு வரைக்கும் போய்ட்டு வந்துடுச்சு."

"அது உங்க ரத்தம் இல்லல்ல, மாமா."

"அப்ப யாருது? எந்தம்பிது. அவன் இன்னா வேத்தாளா? தா பாரு மச்சினி, இங்க மழ வுடாம பெய்யுது, அட்ட கடிக்குது, அந்தக் கதையே பெரிய கதையா கீது. தீபாவளிக்கு வர்றேன். அப்ப எவ்ளோ வேணுமோ எடுத்துக்க."

செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் போனேன். அக்கா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். பேருந்தில் வரும்போது வாக்கியங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதலில் தம்பியின் ரத்தம் அண்ணனுக்கு ஆகாது என்பதைப் பற்றி, பிறகு பரிசோதனைக் கூடத்தில் அந்த அம்மாள் கேட்டதைப் பற்றி, பிறகு நான் சொன்னதைப் பற்றி.

"அக்கா, மாமாவையே நேர்ல ஒரு தரம் டெஸ்ட் பண்ணிடலாமே."

முறம் நின்றது. "ஏன்? யாராச்சும் எதுனா சொன்னாங்களா?"

அவள் முகத்தில் அந்த ஒரு நொடியில் ஜூலை மாதம் திரும்பி வந்ததைப் பார்த்தேன். "இல்லக்கா. சும்மாதான் கேட்டேன்," என்றேன். முறம் மறுபடி ஆடத் தொடங்கியது. தவிடு பறந்து என் மடியில் விழுந்தது. அன்று மாலைப் பேருந்தில் திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் பதினாறாம் தேதியோடு அக்காவுக்கு ஐந்து மாதம் நிறைந்தது. அந்தக் கணக்கைச் செவிலியர் சொன்ன தேதியிலிருந்து நானே போட்டு வைத்திருந்தேன். அன்று எங்களுக்குச் சுவடிப் பதிப்பியலில் உள்தேர்வு. ஏடெழுதுவோர் செய்யும் பிழைகளின் வகைகளை விளக்குக என்பது பதினைந்து மதிப்பெண் கேள்வி. நன்றாக எழுதினேன். வகுப்பில் அதிக மதிப்பெண் எனக்குத்தான் வந்தது. தேர்வு முடிந்து வெளியே வந்தபோது, இனி யாரிடமும் சொல்லத் தேவையில்லை என்ற நிம்மதி ஒரு கணம் வந்தது. அதற்காக நான் இன்றளவும் வெட்கப்படுகிறேன்.

*

மாமா தீபாவளிக்கு முந்தின நாள் வந்தார். அக்காவுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்ததால், நவம்பர் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வளையல் அடுக்கினார்கள். வராந்தாவில் இருந்த அதே பெண்கள் வந்து அவள் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் போட்டார்கள். அக்கா நன்றாக இருந்தாள். கன்னத்தில் சதை வைத்திருந்தது.

அன்று பந்தியில் பரிமாறிக்கொண்டே மாமாவிடம் சொன்னேன். "நீங்க தர்றேன்னு சொன்னீங்க."

"இவ இன்னும் வுடலடா," என்று தம்பியிடம் திரும்பினார். "உன் கத கந்தல்தான். இப்பவே இப்பிடின்னா, கட்டிக்கினு எப்பிடிடா சமாளிக்கப் போற?"

"எனக்கு ரெண்டு கையும் ஓட்ட பண்ணியாச்சு," என்றார் தம்பி. "இனிமே நீ பாத்துக்க."

மறுநாள் காலை மாமாவே என்னோடு துணை சுகாதார நிலையத்துக்கு வந்தார். அதான் நல்லபடியா வந்துடுச்சே, இன்னாத்துக்கு மறுபடி என்று செவிலியர் கேட்டார். "மச்சினி வுட மாட்டேன்றா. போனா போவுது, ஒரு புட்டி எடுத்துக்கங்க," என்று கையை நீட்டினார். ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆள் ஊசிக்குப் பயப்படுவதை அப்போதுதான் கண்டேன். அவர் குடகிலிருந்து வராமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

அன்று மதியமே அவர் குடகுக்குப் புறப்பட்டார். நான் குழாயைப் பனிக்கட்டி வைத்த தடுப்பூசிக் குடுவையில் வைத்து மடியில் ஏந்தி, போளூரில் பேருந்து மாறி, கணியம்பாடி வழியாக வேலூருக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி.

பரிசோதனைக் கூடத்து அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். குழாயின் மேலிருந்த பெயரைப் படித்துவிட்டு, கணினியில் தேடினார்.

"இவருக்கு ஆகஸ்டுலயே பாத்துட்டோமே. இரட்டையில ஒருத்தரு."

"இன்னொரு தரம் பாத்துடுங்க," என்றேன்.

 என் முகத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு தாமே செய்யத் தொடங்கினார். சுழற்றினார், கழுவினார், வெடிக்க வைத்தார். முதல் பிளவில் ஏற்கெனவே அறிந்த ஒரு மாதிரியை ஒப்பீட்டுக்காக வைத்தார், இரண்டாவதில் மாமாவினுடையதை. மின்சாரத்தைப் போட்டுவிட்டு, "உக்காரு," என்றார்.

நான் உட்காரவில்லை. ஹீமோகுளோபின் தானே நிறமுள்ளது. சாயம் போடுவதற்கு முன்பே அதன் பயணத்தைக் கண்ணால் பார்க்க முடியும். முதலில் இளஞ்சிவப்பாக ஒரே பட்டை. அது நகர்வது தெரியவில்லை; கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் நகர்ந்திருந்தது. பத்து நிமிடத்துக்குப் பின் பட்டையின் பின்விளிம்பு சற்றுத் தடித்தது. நிழல் விழுகிறதோ என்று நகர்ந்து நின்று பார்த்தேன். இருபது நிமிடத்தில் முன்னே போவதற்கும் பின்னே நிற்பதற்கும் இடையில் முடியிழை அளவு வெளுப்பு தோன்றியது. அதற்கப்புறம் நான் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் முடியும் வரை பார்த்தேன்.

இரண்டு கோடுகள்.

அவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். "சொல்லு," என்றார்.

சொன்னேன். வராந்தா, சட்டை, இடது கை, அத்தை சொன்னது, நான் எழுதியது, அவர் கேட்டது, நான் சொன்னது. எதையும் விடவில்லை, எதையும் கூட்டவுமில்லை. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

"ரத்தம் எடுத்த பின்னால, ஆள நேருக்கு நேரா பேரு கேட்டு எழுதணும். மொதல்லயே எழுதி ஒட்டிக் கையில குடுக்கக் கூடாது. இத நான் எத்தன கூட்டத்துல சொல்லியிருக்கேன்." பிறகு, "எனக்கும் தோணிச்சு. தோணினப்பவே உன் வார்த்தைய நம்பாம திருப்பி அனுப்பியிருக்கணும். நானும்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப எத்தன மாசம்?"

"ஏழு."

அவர் மேசையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தார்.

"நாலுல மூணு பங்கு நல்லபடியாவும் இருக்கலாம்," என்றார். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். அதில் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை. ஆகஸ்டு கடைசியில் என் அக்காவுக்குக் கேட்கவும், யோசிக்கவும், அழவும், ஒரு முடிவுக்கு வரவும் மூன்று வாரங்கள் இருந்தன. அந்த மூன்று வாரங்களை நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தாலும் அவை அவளுக்குத் திரும்பக் கிடைக்கப் போவதில்லை.

செவிலியருக்குத் தாமே எழுதிவிடுவதாக அவர் சொன்னார். மருத்துவரை உடனே பார்க்க வேண்டும், பேறு வேலூரில்தான் நடக்க வேண்டும், பிறந்த அன்றே குழந்தையின் ரத்தத்தை எடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். "உங்க அக்காவுக்கு நான் சொல்லட்டுமா?"

"வேணாங்க. நான் சொல்றேன்."

மறுநாள், நவம்பர் ஐந்தாம் தேதி, வேலூரிலிருந்து விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்து, ஒன்பது மணிக்கு அத்தை வீட்டு வாசலை அடைந்தேன். அத்தை காட்டுக்குப் போயிருந்தார். அக்கா அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைக்கச் சொன்னேன். வாக்கியங்களை இம்முறை வரிசைப்படுத்தி வைத்திருக்கவில்லை. மாமாவுக்கும் இரண்டு கோடு என்பதை முதலில் சொன்னேன். மற்றவற்றை அவள் கேட்கக் கேட்கச் சொன்னேன்.

அவள் இரண்டே கேள்விகள்தான் கேட்டாள்.

"அந்தம்மா இரட்டையான்னு கேட்டது என்னிக்கு?"

"ஆகஸ்டு இருபத்து நாலு."

"நான் சாமை பொடைக்க சொல்ல நீ வந்து குந்திக்கினு இருந்தியே. அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

கையைக் கழுவினாள். வேறு சேலை மாற்றிக்கொண்டாள். பரிசோதனைக் கூடத்து அம்மாள் எழுதிக் கொடுத்த தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்துத் தன் பையில் வைத்தாள். பத்து மணிப் பேருந்துக்கு இருவரும் நடந்தோம். நான் நான்கு அடி பின்னால். பேருந்தில் கூட்டமில்லை. இருவர் உட்காரும் இருக்கைகள் பல காலியாகக் கிடந்தன. அக்கா முன்னால் போய், கீரைக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு கிழவியின் பக்கத்தில் இடம் கேட்டு அமர்ந்தாள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, நடத்துநரிடம் வேலூருக்கு இரண்டு சீட்டு வாங்கினேன். ஒன்றை முன்னால் கொடுத்துவிடச் சொன்னேன். அவர் போய்த் திரும்பி வந்தார்.

"அவங்க தனியா வாங்கிட்டாங்கம்மா," என்றார்.